ஒரே குழி: பழைய நிலக்கரிச் சுரங்கங்களில் தண்ணீரும் காற்றும்

பழைய நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "மேலே இருக்கிற பாறை இடிந்து விழாதா?" என்றுதான். விழும். ஒருவர் இருவராக ஆண்டு முழுக்க ஆட்களைக் கொன்றது அதுதான். ஆனால் ஒரே நாளில் ஓர் ஊரின் ஆண்களை மொத்தமாக வாரிக்கொண்டு போனவை பெரும்பாலும் தண்ணீரும் கெட்ட காற்றும். இங்கிலாந்தின் 18, 19ஆம் நூற்றாண்டுச் சுரங்கங்களைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க, இந்த இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பார்க்கவே முடியாது என்று படுகிறது. ஒன்றில் கைவைத்தால் இன்னொன்று கெடும், ஒன்றில் காசை மிச்சம் பிடித்தால் இன்னொன்று ஆளைக் கொல்லும்.

நமக்குத் தெரிந்த சுரங்கம் நெய்வேலி. அது திறந்தவெளிச் சுரங்கம். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற நிலத்தடி நீரை ஆழ்குழாய்க் கிணறுகள் வழியாக ஓயாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். ஆக, தண்ணீர்ப் பிரச்சினை அங்கேயும் உண்டு. ஆனால் தலைக்கு மேலே வானம் இருப்பதால் மூச்சுக்குப் பஞ்சமில்லை. நான் சொல்லவருவது தரையில் கிணறு மாதிரி செங்குத்தாகக் குழி இறக்கி, அடியில் நிலக்கரி கிடைக்கும் ஆழத்தில் பக்கவாட்டில் மைல்கணக்காகக் குடைந்துகொண்டு போன சுரங்கங்களைப் பற்றி.

முதலில் தண்ணீர். தரைக்குக் கீழே பத்தாள் ஆழம் போனாலே ஊற்று வந்துவிடும். பழைய ஆட்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி எளிமையானது: சுரங்கம் மேட்டு நிலத்தில் இருந்தால், பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து லேசான சரிவோடு ஒரு வடிகால் குடைந்து சுரங்கத்தின் அடியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. தண்ணீர் தானாக வடிந்துவிடும். லங்காஷையரில் ஹேய் என்ற இடத்தில் ஒரு நிலக்கிழார் 1653இல் இப்படி ஒரு வடிகாலைத் தொடங்கினார், அது முடிய 1670 ஆனது. நீளம் ஒரு கிலோமீட்டர்தான், அதற்குப் பதினேழு வருடம்! கையுளியும் சுத்தியலுமாகப் பாறையைக் குடைந்தால் அவ்வளவு காலம்தான் ஆகும். அந்த வடிகாலில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது, இரும்புத்துரு கலந்து ஆரஞ்சு நிறத்தில்.

மான்செஸ்டர் பக்கத்தில் வொர்ஸ்லியில் நடந்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் சுரங்கத்தில் வடிந்த தண்ணீரை வெளியே தள்ளுவதோடு நிறுத்தாமல், அந்த வடிகாலையே படகு போகும் அளவுக்கு அகலமாகக் குடைந்தார்கள். சுரங்கத்தின் உள்ளே நிலக்கரி வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே படகு வரும், நிரப்பிக்கொண்டு அப்படியே வெளியே இருக்கிற கால்வாயில் மிதந்து மான்செஸ்டருக்குப் போகும். அந்தக் கால்வாய்க்குத் தண்ணீரும் அதே சுரங்கத்திலிருந்து. வெளிக்கால்வாய் 1761இல் திறந்தது. பூமிக்கு அடியில் மட்டும் கடைசியில் 46 மைல் கால்வாய் ஆகிவிட்டது. தண்ணீரை எதிரியாகப் பார்த்த ஒரு தொழிலில் அதை வேலைக்காரனாக்கிய இடம் இது.

ஆனால் இதெல்லாம் மேட்டு நிலத்தில்தான் நடக்கும். நிலக்கரி பள்ளத்தாக்கின் மட்டத்துக்கும் கீழே போய்விட்டால் வடிகால் உதவாது, தூக்கித்தான் ஆகவேண்டும். குதிரைகளைச் சுற்றவிட்டு வாளி வாளியாக இறைத்தார்கள். குதிரைக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாமல் கைவிட்ட குழிகள் நிறைய. 1712இல் டட்லி கோட்டைக்குப் பக்கத்தில் தாமஸ் நியூகோமன் தன் நீராவி இன்ஜினை நிறுத்தினார். நம்மூர் ஏற்றத்தில் துலாவின் ஒரு முனை தாழ மறுமுனை உயர்வது போல, ஒரு பக்கம் நீராவி உருளையின் பிஸ்டனும் மறுபக்கம் குழிக்குள் தொங்கும் பம்ப் கம்பியுமாக ஒரு பெரிய உத்தரம் ஏறி இறங்கியது. நிமிடத்துக்கு 12 முறை, ஒவ்வொரு முறையும் 10 கேலன் தண்ணீர், 153 அடி ஆழத்திலிருந்து. இந்த இன்ஜின் நிலக்கரியைக் கணக்கில்லாமல் தின்னும். சுரங்க வாசலில் அதைப் பற்றி யாருக்குக் கவலை? விற்காத தூள் கரி மலை மாதிரி குவிந்து கிடக்கும், அதைப் போட்டு எரித்தார்கள். ஜேம்ஸ் வாட் சிக்கனமான இன்ஜினைக் கொண்டுவந்த பிறகும் பல நிலக்கரிச் சுரங்கங்கள் பழையதையே வைத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

சரி, பம்ப் வந்துவிட்டது. அதனால் சுரங்கத்தில் இருப்பவனுக்கு ஆபத்து குறைந்ததா? இன்னும் ஆழமாகப் போகச் சொன்னார்கள். ஆழம் போகப் போக, நிலக்கரியிலிருந்து கசிந்து தீப்பட்டால் வெடிக்கிற மீத்தேன் வாயு கூடும், காற்று குறையும். தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்த்த இயந்திரமே காற்றுப் பிரச்சினையைப் பெரிதாக்கியது.

சுரங்கத்தில் காற்றை நகர்த்துவதன் அடிப்படை சின்ன விஷயம்தான். சூடான காற்று மேலே போகும். இரண்டு குழிகள் இருந்து, ஒன்றின் அடியில் பெரிய உலை ஒன்றை இரவு பகலாக எரியவிட்டால், அந்தக் குழி வழியாகச் சூடான காற்று மேலே ஏறும். அந்த இடத்தை நிரப்ப, மற்றக் குழி வழியாகப் புதுக் காற்று கீழே இறங்கி, சுரங்கம் முழுக்கச் சுற்றிவிட்டு உலைக்கு வந்து சேரும். மீத்தேன் இருக்கிற இடத்தில் நெருப்பு மூட்டுவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் விசிறி இயந்திரங்கள் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பரவும் வரை இதுதான் பிரதான வழி.

காற்று சும்மா விட்டால் குறுக்கு வழியில் ஓடி உலைக்குப் போய்விடும், ஆட்கள் வேலை செய்யும் மூலைகளுக்குப் போகாது. அதனால் வழியெங்கும் தடுப்புகளும் கதவுகளும் வைத்து அதை வளைத்து வளைத்து அனுப்ப வேண்டும். வைட்ஹேவனில் கார்லைல் ஸ்பெடிங் என்பவர் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இதை ஒரு முறையாக்கினார், அவரே 1755இல் ஒரு வாயு வெடிப்பில் சுரங்கத்துக்குள் இறந்துபோனார். அவர் முறையில் ஒரு குறை இருந்தது. ஒரே காற்று எல்லா இடத்தையும் வரிசையாகச் சுற்றி வருவதால், கடைசியில் இருப்பவனுக்குக் கிடைப்பது எல்லோரும் மூச்சு விட்டு, எல்லா மூலையின் மீத்தேனையும் வாரிக்கொண்டு வந்த காற்று. பின்னாளில் வால்ஸெண்டின் ஜான் பட்டில் காற்றைப் பல கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகப் புதுக் காற்று போகும்படி செய்தார். இந்தத் துறையில் நடந்த உண்மையான முன்னேற்றம் என்று நான் சொல்வது அதைத்தான்.

அந்தக் கதவுகளைத் திறந்து மூடியது யார் தெரியுமா? குழந்தைகள். நிலக்கரி வண்டி வரும்போது கயிற்றை இழுத்துக் கதவைத் திறக்கவேண்டும், வண்டி போனதும் மூடவேண்டும். ஐந்து, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு மணி நேரம் பெரும்பாலும் விளக்குகூட இல்லாமல் ஒரு சின்னப் பொந்தில் உட்கார்ந்து இதைச் செய்தார்கள். பிள்ளை கண் அசந்து கதவு திறந்தே கிடந்தால் காற்று குறுக்கே ஓடிவிடும், உள்ளே மீத்தேன் சேரும். நூறு பேருடைய மூச்சை ஆறு வயதுப் பிள்ளையின் விழிப்பில் கட்டிவைத்திருந்தார்கள். 1842இல் வந்த சட்டம்தான் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களையும் எல்லா வயதுப் பெண்களையும் சுரங்கத்துக்குள் அனுப்பக்கூடாது என்றது.

அப்புறம் பாதுகாப்பு விளக்கு. 1812 மே 25ஆம் தேதி ஃபெல்லிங் சுரங்கத்தில் வெடிப்பு, 92 பேர் இறந்தார்கள். அதன் அதிர்ச்சியில் விஞ்ஞானிகளிடம் போய் உதவி கேட்டார்கள். 1815இல் ஹம்ஃப்ரி டேவி, சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை போட்டால் வெளியே இருக்கிற வாயுவுக்குத் தீ பரவாது என்று காட்டினார். அதே ஆண்டு கில்லிங்வொர்த்தில் ஜார்ஜ் ஸ்டீஃபன்சனும் தன் விளக்கைச் செய்தார். பள்ளிப் பாடத்தில் கதை இங்கே சுபமாக முடிந்துவிடும். 1835இல் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: நார்த்தம்பர்லாந்து, டர்ஹம் இரண்டு மாவட்டங்களிலும் விளக்கு வருவதற்கு முந்தைய 18 ஆண்டுகளில் இறந்தவர்கள் 447 பேர், விளக்கு வந்த பிறகு 18 ஆண்டுகளில் 538 பேர். இடையில் தொழிலும் பெருகியது, உண்மைதான். ஆனால் வாயு நிறைந்திருக்கிறது என்று முன்னால் மூடி வைத்திருந்த பகுதிகளை எல்லாம், 'இப்போதுதான் விளக்கு இருக்கிறதே' என்று திறந்து ஆட்களை அனுப்பியதும் உண்மை. காற்றோட்டத்தை மேம்படுத்தச் செலவு அதிகம். விளக்கு மலிவு. 1839இல் செயின்ட் ஹில்டா சுரங்கத்தில் 51 பேர் இறந்த பிறகு சவுத் ஷீல்ட்ஸ் ஊர்க்காரர்கள் ஒரு குழு அமைத்து விசாரித்து, விளக்கை நம்பி இருக்காதீர்கள், குழிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், காற்றோட்டத்தைச் சரிசெய்யுங்கள் என்று 1843இல் அறிக்கை தந்தார்கள். முதலாளிகள் காதில் ஏறவில்லை.

தண்ணீரும் காற்றும் ஒன்றுக்குள் ஒன்று என்று சொன்னேன் இல்லையா, அதற்கு யார்க்‌ஷையரின் ஹஸ்கர் சுரங்கம் ஒரு சாட்சி. 1838 ஜூலை 4, பிற்பகலில் பெருமழை. மேலே இன்ஜின் நின்றுபோனதால் குழி வழியாக ஆட்களைத் தூக்க முடியவில்லை. உள்ளே இருந்த பிள்ளைகளில் ஒரு கூட்டம், காற்றுக்காக வெட்டியிருந்த சரிவுப் பாதை வழியாகக் காட்டுப் பக்கம் வெளியேறிவிடலாம் என்று கிளம்பியது. பாதையில் ஒரு காற்றுக் கதவு. அதைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, வெளியே ஓடை உடைத்துக்கொண்டு வெள்ளம் அந்தப் பாதைக்குள் பாய்ந்தது. பிள்ளைகளை அடித்துக்கொண்டு வந்து அந்தக் கதவில் மோதியது. கதவைத் திறக்க முடியவில்லை. 26 பேர் இறந்தார்கள், ஏழு வயதிலிருந்து பதினேழு வயது வரை, அதில் பெண்பிள்ளைகள் 11 பேர். 1842 சட்டத்துக்கு இட்டுச்சென்ற விசாரணைக்கு இந்தச் சாவுகளும் ஒரு காரணம். மூச்சுக்காக வைத்த கதவு, வெள்ளம் வந்ததும் பொறியாகிவிட்டது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த ஹார்ட்லி. நார்த்தம்பர்லாந்தின் கடலோரத்தில் இருந்த நியூ ஹார்ட்லி கிராமத்தின் சுரங்கம். இதற்கு முன் இருந்த பழைய சுரங்கம் 1844இல் தண்ணீர் புகுந்து கைவிடப்பட்டது, அதனால் புதிதாகக் குழி இறக்கினார்கள். ஒரே ஒரு குழி. ஆழம் கிட்டத்தட்ட 600 அடி, குறுக்களவு 12 அடி சொச்சம். குழி இறக்குவது செலவு பிடிக்கிற வேலை, ஊற்று பொங்கும் நிலத்தில் இன்னும் அதிகம். அதனால் முதலாளிகள் அந்தக் காலத்தில் பரவலாகக் கையாண்ட உத்தி, ஒரே குழியை நடுவில் மரப்பலகைத் தடுப்பு வைத்து மேலிருந்து கீழ் வரை இரண்டாகப் பிரிப்பது. ஒரு பக்கம் காற்று இறங்கும், மறுபக்கம் உலையின் சூடான காற்று ஏறும். ஆள் இறங்குவது, நிலக்கரி ஏறுவது, பம்ப் குழாய்கள், காற்று உள்ளே, காற்று வெளியே, எல்லாம் அந்த 12 அடிக்குள். பலகைத் தடுப்பு உடைந்தால் காற்றோட்டம் அந்த நொடியே நின்றுவிடும் என்பது சுரங்கத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

தண்ணீர் அதிகம் என்பதால் அந்த வட்டாரத்திலேயே பெரிய இன்ஜின்களில் ஒன்றைக் குழியின் வாயிலேயே நிறுத்தியிருந்தார்கள். அதன் வார்ப்பிரும்பு உத்தரத்தின் எடை 42 டன். உத்தரத்தின் ஒரு பாதி நேராகக் குழிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். 1862 ஜனவரி 16, வியாழன், காலை பத்தரை மணி அளவில் அந்த உத்தரம் நடுவில் முறிந்தது. இருபது டன்னுக்கு மேற்பட்ட இரும்பு குழிக்குள் விழுந்து, பலகைத் தடுப்பையும் பக்கச் சுவர்க் கட்டைகளையும் உடைத்து வாரிக்கொண்டு போய், பாதி வழியில் அடைத்துக்கொண்டு நின்றது. ஷிப்ட் மாறும் நேரம் அது, வேலை முடித்தவர்களும் புதிதாக இறங்கியவர்களுமாக இரண்டு ஷிப்ட் ஆட்கள் கீழே. மேலே ஏறிக்கொண்டிருந்த கூண்டில் இருந்தவர்களில் ஐந்து பேர் குழியிலேயே போனார்கள். அடியில் சிக்கியவர்கள் 199 பேர்.

பம்ப் நின்றுவிட்டதால் அடித்தளத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. சிக்கியவர்கள் பதறிச் சிதறவில்லை, உள்ளே இருந்த ஏணி வழியாக மேல்மட்ட நிலக்கரி அடுக்குக்கு ஏறி வந்து, குழிக்குப் பக்கத்தில் ஒன்றாகக் காத்திருந்தார்கள். அனுபவசாலிகள் செய்யும் காரியம் அது. தண்ணீரிலிருந்து தப்பிவிட்டார்கள். ஆனால் காற்று நின்றுபோயிருந்தது, உலையின் நெருப்பு விட்ட கார்பன் மோனாக்சைடு வெளியேற வழியில்லாமல் அவர்கள் இருந்த இடத்துக்கே வந்தது. ஒரு மேற்பார்வையாளரின் சட்டைப்பையில் கிடைத்த நோட்டில், வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒன்றே முக்கால் மணிக்கு எல்லோரும் கூடிப் பிரார்த்தனை செய்ததும், கூட இருந்த சிலருக்கு உடல்நிலை மோசமானதும் எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு அதில் எதுவும் இல்லை. மேலே வில்லியம் கூல்சன் என்ற குழி இறக்கும் நிபுணரின் தலைமையில் ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு இடிபாடுகளை ஒவ்வொரு கட்டையாக எடுத்தார்கள், கீழிருந்து வந்த வாயுவில் மயங்கி மயங்கித் திரும்பி வந்தார்கள். காற்றுக்காகத் துணித் தடுப்பு கட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு இறங்க முடிந்தது. 22ஆம் தேதி உள்ளே போய்ப் பார்த்தபோது எல்லோரும் வரிசையாக, தூங்குவது போல உட்கார்ந்தும் படுத்தும் இருந்தார்கள். அப்பாக்கள் பிள்ளைகளை அணைத்தபடி. மொத்தம் 204 பேர்.

இதைப் படித்த அன்று எனக்கு வேறெந்த வேலையும் ஓடவில்லை. வெடிப்பு இல்லை, மீத்தேன் இல்லை, ஆட்களின் தவறு துளியும் இல்லை. பக்கத்தில் இன்னொரு குழி இருந்திருந்தால் அதன் வழியாக நடந்து வந்திருப்பார்கள். இரண்டாவது குழிக்கு ஆகிற செலவை மிச்சம் பிடித்ததுதான் காரணம். அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: ஒவ்வொரு சுரங்கத்துக்கும் குறைந்தது இரண்டு வழிகள், இரண்டுக்கும் நடுவே பத்தடியாவது வெட்டாத நிலம். சவுத் ஷீல்ட்ஸ்காரர்கள் அறிக்கை தந்து 19 வருடம் கழித்து!

பழைய சுரங்கத்தில் தேங்கிய தண்ணீர் இன்னொரு எமன். 1815 மே 3ஆம் தேதி நியூகாசில் பக்கம் ஹீட்டன் சுரங்கத்தில், எப்போதோ கைவிடப்பட்ட பக்கத்துச் சுரங்கத்தின் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து 75 பேர் இறந்தார்கள். உடல்களை எடுக்கத் தண்ணீரை இறைத்து முடிக்கவே ஒன்பது மாதம் போல ஆனது. பழைய சுரங்கம் எங்கே முடிகிறது என்ற சரியான வரைபடம் இல்லாததுதான் இதற்கெல்லாம் வேர். நம் நாட்டிலும் இதே கதைதான். 1975 டிசம்பர் 27ஆம் தேதி தன்பாத் பக்கத்தில் சாஸ்நாலாவில், மேலே இருந்த பழைய வெட்டில் தேங்கிய தண்ணீர் உடைந்து 370க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2018 டிசம்பரில் மேகாலயாவின் கிழக்கு ஜைந்தியா மலையில் தடைசெய்யப்பட்ட எலிவளைச் சுரங்கம் (ஆள் ஊர்ந்து மட்டுமே போகக்கூடிய குறுகலான சுரங்கம்) ஒன்றில் வெள்ளம் புகுந்து 15 பேர் சிக்கினார்கள். முதலில் கொண்டுவந்த பம்புகளால் தண்ணீர் மட்டத்தை இறக்கவே முடியவில்லை. 1712இல் தீர்த்த கணக்கு அது. அங்கே தீராமல் போனதற்கு, வரைபடம் இல்லை, கண்காணிப்பு இல்லை, கேட்பாரில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

பிரிட்டனில் பெரிய ஆழ்நிலைச் சுரங்கங்கள் எல்லாம் மூடியாகிவிட்டன. மூடினாலும் விடவில்லை. பம்பை நிறுத்தினால் தண்ணீர் மெல்ல ஏறி, ஒன்றோடொன்று தொடர்புள்ள பழைய வெட்டுகளை நிரப்பும். அப்படி ஏறும் தண்ணீர் உள்ளே இருக்கிற வாயுவை மேலே தள்ளவும் கூடும். ஸ்காட்லாந்தின் கோர்பிரிட்ஜில் பழைய சுரங்கத்துக்கு மேலே கட்டிய புது வீடுகளுக்குள் கரியமில வாயு கசிந்து மக்கள் நோயில் விழுந்து, 64 வீடுகளையும் இடித்தார்கள். 70க்கும் மேற்பட்ட இடங்களில் அரசு அமைப்பு ஒன்று சுரங்க நீரைச் சுத்திகரித்துத்தான் ஆற்றில் விடுகிறது. கேட்ஸ்ஹெட்டில் 2023 முதல் அந்த வெதுவெதுப்பான சுரங்க நீரிலிருந்து வெப்பத்தை எடுத்து வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்புகிறார்கள், நல்ல வேலை அது. மற்றபடி, நிலக்கரியை விற்றுக் காசு பார்த்த கம்பெனிகள் ஒன்றும் இப்போது இல்லை, தண்ணீர் இறைக்கும் செலவு மக்களின் வரிப்பணத்தில் போய்க்கொண்டிருக்கிறது.